போரில் பதிலடி: எதிரி விதியை மீறினால் நாமும் மீறலாமா?

வழிப்போக்கன்77

ரொம்ப நாளாக உறுத்துகிற சந்தேகம். எந்தப் போர்ச் செய்தியைத் திறந்தாலும் இரண்டு தரப்பும் ஒரே சொல்லைத்தான் சொல்கின்றன: பதிலடி. அவன் நகரத்தின் மேல் குண்டு போட்டான், அதனால் நான் அவன் நகரத்தின் மேல் போட்டேன். அவன் கைதிகளைக் கொன்றான், அதனால் நானும் கொன்றேன். சொல்லும்போது குரலில் ஒரு நியாயம் வேறு ஒட்டிக்கொண்டிருக்கும்.

சட்டம் படிக்கும் நண்பன் ஒருவன், "பன்னாட்டுச் சட்டத்தில் அப்படி ஓர் உரிமையே உண்டு, அதற்கு ரிப்ரைசல் என்று பேர்" என்று அடித்துச் சொல்கிறான். சட்டத்தை மீறச் சட்டமே உரிமை கொடுக்குமா? தெரிந்தவர்கள் விளக்குங்கள். இப்போது நடக்கிற போர்களை இழுத்துச் சண்டை ஆக்கிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

சட்டப்பித்தன்

உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. விவகாரமெல்லாம் மீதிப் பாதியில் இருக்கிறது.

எதிரிப் படை சுடுகிறது, அந்தப் படையைத் திருப்பிச் சுடுகிறோம் என்றால் அது ரிப்ரைசல் ஆகாது. அது போர், தனி அனுமதி வேண்டியதில்லை. தூதரை வெளியேற்றுவது, வணிகச் சலுகையை நிறுத்துவது இதெல்லாமும் ஆகாது. கசப்பான வேலை, ஆனால் சட்டத்துக்கு உட்பட்டது. ரிப்ரைசல் என்பது தன்னளவில் சட்டவிரோதமான செயல். எதிரி முதலில் விதியை மீறினான், அவனை விதிக்குள் திரும்பக் கொண்டுவர வேறு வழியில்லை என்ற ஒரே காரணத்தால் அதன் குற்றத்தன்மை நீங்குகிறது. அவ்வளவு மெல்லிய நூல்.

நிபந்தனைகளை எல்லோரும் நௌலிலா வழக்கிலிருந்துதான் தொடங்குவார்கள். 1914 அக்டோபர். அங்கோலாவின் தெற்கு எல்லையில் நௌலிலா என்ற போர்ச்சுகீசியக் காவல் நிலை. பக்கத்தில் ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்கா. போர்ச்சுகல் அப்போது நடுநிலை நாடு. ஜெர்மானியர் சிலர் எல்லை தாண்டி வருகிறார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒழுங்காக மொழிபெயர்க்கவில்லை. பேச்சு முற்றி, துப்பாக்கி வெடித்து, ஒரு ஜெர்மன் அதிகாரியும் இரண்டு ராணுவ அலுவலர்களும் செத்தார்கள். பதிலுக்கு ஜெர்மன் படை எல்லையோரக் காவல் நிலைகளைத் தாக்கியது. டிசம்பரில் நௌலிலாவையும் அழித்தது.

1928-ல் நடுவர் மன்றம் ஜெர்மனியின் வாதத்தைத் தள்ளியது. நடந்தது விபத்து, ஆகவே முன்மீறல் இல்லை. பரிகாரம் கேட்டு மறுக்கப்பட்ட பிறகுதான் பதிலடி. இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்று உயிருக்குப் பல கோட்டைகள் என்பது அளவு மீறிய கணக்கு. அது போருக்கு வெளியே நடந்த சம்பவம்தான். ஆனால் இதே அளவுகோல்களோடு இன்னும் இரண்டைச் சேர்த்துப் போர்க்காலத்துக்கும் வைத்துக்கொண்டார்கள்: முடிவு ஆட்சியின் உச்சியில் எடுக்கப்பட வேண்டும், எதிரி திருந்திய கணமே நிறுத்த வேண்டும்.

எதிர்க்கேள்வி

அதாவது என் ஆஸ்பத்திரி மேல் குண்டு விழுந்தால் நான் முதலில் ஒரு கடிதம் போட வேண்டும். "ஐயா, தாங்கள் விதியை மீறிவிட்டீர்கள், பதிலை எதிர்பார்க்கிறேன், இப்படிக்கு." நல்ல கூத்து.

பழைய பட்டாளம்

தம்பி, கேலி இருக்கட்டும். அந்தக் கடிதம் எதற்கு என்று யோசித்தீர்களா? ரிப்ரைசல் என்பதே எதிரிக்கு அனுப்புகிற ஒரு செய்தி. "நீ இதைச் செய்தாய், அதனால் நான் இதைச் செய்கிறேன், நீ நிறுத்தினால் நானும் நிறுத்துகிறேன்." அவனுக்கே தெரியாமல் செய்தால் அவன் எதை நிறுத்துவான்?

இன்னொன்று. இது சிப்பாயோ கம்பெனி கமாண்டரோ எடுக்கிற முடிவு இல்லை. பக்கத்தில் நின்றவன் விழுந்த அரை மணி நேரத்தில் ஒருவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பெயர் வேறு.

கயல்

ஐயா சொன்ன "செய்தி"க்கு ஒரு பழைய கதை.

1782. அமெரிக்க விடுதலைப் போர் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஜோஷுவா ஹடி என்ற அமெரிக்க கேப்டன் கைதியாக இருந்தார். பிரிட்டனுக்கு ஆதரவான படையைச் சேர்ந்த ரிச்சர்ட் லிப்பின்காட் ஏப்ரல் 12 அன்று அவரை வெளியே கொண்டுபோய்த் தூக்கில் போட்டார். விசாரணை எதுவும் இல்லை. லிப்பின்காட்டை ஒப்படையுங்கள் என்று வாஷிங்டன் கேட்டார். பிரிட்டிஷ் தரப்பு ஒப்படைக்கவில்லை. சரி, கையில் இருக்கிற பிரிட்டிஷ் கேப்டன்களில் ஒருவரைத் தூக்கில் போடுவோம் என்று முடிவானது.

மே 27. பென்சில்வேனியாவில் லங்காஸ்டர். 13 கேப்டன்களை ஓர் அறையில் கூட்டினார்கள். ஒரு தொப்பியில் அவர்கள் பெயர்ச் சீட்டுகள். இன்னொன்றில் 13 துண்டுக் காகிதங்கள். 12 வெற்று, ஒன்றில் மட்டும் "துரதிர்ஷ்டசாலி" என்று எழுதியிருந்தது. ஒரு பெயர், ஒரு துண்டு, ஒரு பெயர், ஒரு துண்டு என்று எடுத்துக்கொண்டே வந்தார்கள். எழுத்து இருந்த துண்டு சார்ல்ஸ் ஆஸ்கில் பெயரோடு வந்தது. இருபது வயதுப் பையன். ஹடி சாவுக்கும் அவனுக்கும் எள்ளளவும் சம்பந்தமில்லை. போதாக்குறைக்கு, பிரிட்டிஷ் படை யார்க்டவுனில் சரணடைந்தபோது போட்ட ஒப்பந்தமே அவனைப் பாதுகாத்தது.

அவனுடைய அம்மா பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் வெர்ஜெனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அது அரசர், அரசி வரை போய், வெர்ஜென் வாஷிங்டனுக்கு எழுத, நவம்பரில் காங்கிரஸ் அவனை விடுவித்தது.

அந்தத் தொப்பிதான் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. குலுக்கல் போட்டார்கள் என்றாலே, குற்றவாளி யார் என்ற கேள்வியை ஏற்கெனவே கைவிட்டுவிட்டார்கள் என்றுதானே பொருள்?

எதிர்க்கேள்வி

கயல், கதை நன்றாக இருக்கிறது. ஆனால் தொப்பி வேலை செய்த கதையும் உண்டு, அதையும் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லமாட்டீர்கள், நானே சொல்கிறேன்.

1864 செப்டம்பர், அமெரிக்க உள்நாட்டுப் போர். வர்ஜீனியாவில் ஃப்ரன்ட் ராயல் என்ற ஊரில், தென்தரப்புக் கொரில்லாத் தலைவர் ஜான் மோஸ்பியின் ஆட்கள் ஆறு பேரைப் பிடித்த கையோடு வடதரப்புப் படை கொன்றது. பிறகு ஏழாவதாக ஒருவர். மோஸ்பி தன் மேலிடத்தில் அனுமதி வாங்கினார். நவம்பர் 6 அன்று 27 கைதிகளை வரிசையில் நிறுத்திச் சீட்டு எடுக்கச் சொன்னார். ஏழு பேர் தேர்வானார்கள். மூன்று பேரைத் தூக்கில் போட்டார்கள், மற்றவர்கள் தப்பினார்கள் அல்லது காயத்தோடு பிழைத்தார்கள். அதன் பிறகு எதிர்த்தரப்புத் தளபதி ஷெரிடனுக்கு அவர் கடிதம் எழுதினார்: இனி உங்கள் ஆட்களைப் போர்க்கைதிகளாக நடத்துவேன், புதிதாக ஏதாவது கொடுமை நடந்தால் ஒழிய. கொலைகள் நின்றன. இரண்டு பக்கமும்.

முன்மீறல், மேலிட அனுமதி, அளவு, நோக்கத்தைச் சொன்ன கடிதம். சட்டப்பித்தன் பட்டியலில் பெரும்பாலும் டிக் விழுகிறது. இப்போது இந்த ஆயுதத்தையும் பிடுங்கிவிட்டால் பலவீனமானவன் கையில் என்ன இருக்கிறது?

கயல்

சொல்லமாட்டேன் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள் :) அதே போரில் இதைவிடக் கனமான உதாரணம் உங்கள் கட்சிக்கு இருக்கிறது. வடதரப்பில் சேர்ந்த கறுப்பினப் போர்வீரர்களைப் பிடித்தால் அடிமையாக்குவோம், கொல்வோம் என்று தென்தரப்பு மிரட்டியது. 1863 ஜூலை 30 அன்று லிங்கன் ஆணை போட்டார்: போர் விதிக்கு மாறாகக் கொல்லப்படும் ஒவ்வொரு வீரனுக்கும் ஈடாக ஒரு கிளர்ச்சிப் படைக் கைதி கொல்லப்படுவார், அடிமையாக்கப்படும் ஒவ்வொருவருக்கும் ஈடாக ஒருவர் கடின உழைப்புக்கு அனுப்பப்படுவார். கையில் வேறு கேடயம் இல்லாதவர்களுக்காகப் போட்ட ஆணை. இதைப் படித்தபோது நானே ஆடிப்போனேன்.

ஆனால் அவர் அதை நிறைவேற்றத் தயங்கினார். 1864 ஏப்ரலில் ஃபோர்ட் பில்லோவில் கறுப்பின வீரர்கள் கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்டபோதும், ஈடாக யாரையும் அவர் கொல்லவில்லை. ஒருவன் செய்த குற்றத்துக்கு இன்னொருவனைத் தூக்கில் போடுவது தன்னால் ஆகாத காரியம், ஒருமுறை தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று தெரியாது, இந்தக் கருத்தில் அவர் பேசியதாக ஃப்ரெடரிக் டக்ளஸ் பதிவு செய்திருக்கிறார். உண்மையான கொலைகாரன் கையில் கிடைத்தால் வேறு பேச்சு.

நம் பக்கத்திலும் உண்டு. மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடக் கிள்ளிவளவன் நிறுத்தியபோது, அந்தக் குழந்தைகள் யானையைப் பார்த்து அழுகையை மறந்து நிற்கின்றன என்று காட்டித்தான் கோவூர்கிழார் தடுத்தார். அப்பன் பகையைப் பிள்ளை தலையில் எழுதாதே என்பதுதான் அங்கேயும் வழக்கு.

நெறியாளர்

தற்போதைய போர்கள் தொடர்பான 6 பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழை தொடரட்டும்.

சட்டப்பித்தன்

எதிர்க்கேள்வி நண்பருக்கு. சில நேரம் வேலை செய்திருக்கிறது, மறுக்கவில்லை. 1944 கோடையில் பிரெஞ்சு எதிர்ப்புப் படையினர் 80 பேரை ஜெர்மானியர்கள் கொன்றார்கள். பதிலுக்கு 80 ஜெர்மன் கைதிகளைக் கொல்வோம் என்று பிரெஞ்சுத் தரப்பு அறிவித்தது. செஞ்சிலுவைக் குழு இடையில் புகுந்து ஆறு நாள் அவகாசம் வாங்கிக் கொடுத்தது. ஜெர்மனியிடமிருந்து பதில் இல்லை. 80 பேர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் கொல்லப்படவில்லை என்று எழுதுகிறார்கள். ஆனால் அப்போது ஜெர்மன் படை பிரான்சை விட்டு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தியது எது, பதிலடியா, பின்வாங்கலா? யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. "வேலை செய்தது" என்கிற கதைகளில் பாதி இப்படித்தான்.

வேலை செய்யாத கதைக்கு 1942 கைவிலங்கு விவகாரம். ஆகஸ்டில் பிரான்சின் தியெப் கடற்கரையில் நேச நாடுகள் நடத்திய தாக்குதல் தோற்றது. பிடிபட்ட ஜெர்மானியர்களின் கைகளைக் கட்டச் சொல்லும் உத்தரவு ஜெர்மானியர் கையில் சிக்கியது. அக்டோபரில் சார்க் தீவுத் தாக்குதலிலும் கைதிகளைக் கட்டியது தெரியவந்தது. அக்டோபர் 8 அன்று ஜெர்மனி 1,376 கைதிகளுக்கு விலங்கு போட்டது, பெரும்பாலும் கனடியர்கள். பிரிட்டனும் கனடாவும் அதே எண்ணிக்கையில் ஜெர்மானியர்களுக்குப் போட முனைந்தன. கனடாவின் போமன்வில் முகாமில் ஜெர்மன் கைதிகள் தடியும் கல்லுமாக எதிர்த்து நிற்க, அது ஒரு குட்டிப் போராகவே நடந்தது. இத்தனைக்கும் போர்க்கைதிகள் மேல் பதிலடி கூடாது என்று 1929 ஜெனீவா உடன்படிக்கை அப்போதே தடை செய்திருந்தது. டிசம்பரில் பிரிட்டனும் கனடாவும் விலங்கைக் கழற்றின. ஜெர்மனி 1943 நவம்பர் வரை கழற்றவில்லை. அதற்குள் கைதிகள் சார்டின் டப்பா சாவியால் விலங்கைத் திறக்கக் கற்றுக்கொண்டார்கள், காவலர்களும் கண்டுகொள்வதை விட்டுவிட்டார்கள்.

இரண்டு தரப்பும் "நான் பதிலுக்குத்தான் செய்கிறேன்" என்றது. இரண்டும் நம்பிச் சொன்னது. 1915-லும் அப்படித்தான்: பிரிட்டிஷ் முற்றுகைக்குப் பதில் என்று ஜெர்மனி நீர்மூழ்கிப் போரை அறிவித்தது, அதற்குப் பதில் என்று பிரிட்டன் முற்றுகையை இன்னும் இறுக்கியது. ஒவ்வொருவன் கதையும் எதிரியின் செயலில்தான் தொடங்கும்.

வழிப்போக்கன்77

அப்படியென்றால் நாஜிகள் ஊர் ஊராகக் கொன்றதையும் ரிப்ரைசல் என்றுதான் சொன்னார்களா?

சட்டப்பித்தன்

ஆமாம். இந்தச் சொல் நாறிப்போனது அங்கேதான்.

1944 மார்ச் 23. ரோமில் வியா ராசெல்லா தெருவில் எதிர்ப்புக் குழு வைத்த குண்டில் ஜெர்மன் போலீஸ்காரர்கள் செத்தார்கள். ஒருவருக்குப் பத்து என்று உத்தரவு. 32 சாவுக்கு 320. இரவில் 33-ஆவது ஆள் செத்ததும் ரோமில் ஜெர்மன் பாதுகாப்புப் போலீஸ் தலைவராக இருந்த ஹெர்பர்ட் காப்லர் தன் பொறுப்பில் இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தார். மறுநாள் அர்தியாத்தினே குகைகளில் எண்ணிப் பார்த்தால் ஐந்து பேர் அதிகம், பட்டியல் பிசகு. அவர்களையும் விடவில்லை. மொத்தம் 335.

இதில் ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. "குண்டு வைத்தவர்களை ஒப்படையுங்கள், இல்லாவிட்டால் இன்னது நடக்கும்" என்று முன்கூட்டி ஓர் அறிவிப்பும் இல்லை. கொலைகள் முடிந்த பிறகு வந்த அறிக்கை, உத்தரவு ஏற்கெனவே நிறைவேற்றப்பட்டுவிட்டது என்ற வாசகத்தோடு முடிந்தது. பட்டாளத்து ஐயா சொன்ன "செய்தி"யை இங்கே வைத்துப் பாருங்கள்.

1948-ல் ரோம் ராணுவ நீதிமன்றம் காப்லருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. ஆனால் அந்த 320 பேர் விஷயத்தில், மேலிட உத்தரவு சட்டவிரோதம் என்று அவர் உணர்ந்திருந்தாரா என்ற சந்தேகத்தின் பலனைக் கொடுத்து, மிச்சம் 15 பேருக்காகத்தான் கொலைக்குற்றம் சாட்டிச் சாய்த்தது. முதல் முறை படித்தபோது தவறாகப் படிக்கிறேனோ என்று பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அதே ஆண்டு நியூரம்பர்க்கில் பணயக்கைதிகள் வழக்கு. பால்கன் பகுதியில் ஒரு ஜெர்மன் வீரன் செத்தால் நூறு பேர் வரை கொல்லச் சொன்ன உத்தரவுகள். செர்பியாவின் கிராகுயெவாட்சில் மட்டும் 1941 அக்டோபரில் 2,700-க்கு மேற்பட்டவர்கள், பள்ளி மாணவர்கள் உட்பட. நீதிமன்றம் தண்டித்தது. ஆனால் கடும் நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பணயக்கைதிகளைக் கொல்வது கோட்பாட்டளவில் முடியும் என்றும் எழுதிவைத்தது. மறு ஆண்டே ஜெனீவாவில் அந்தக் கதவை அடைத்தார்கள்: நான்காம் உடன்படிக்கையின் 33-ஆம் பிரிவு பொதுமக்கள் மீதான பதிலடியையும், 34-ஆம் பிரிவு பணயக்கைதி பிடிப்பதையும் தடுக்கிறது.

எதிர்க்கேள்வி

33-ஆம் பிரிவு எதிரியின் பிடியில் இருப்பவர்களுக்குத்தானே? எதிரி நாட்டில் தன் வீட்டில் உட்கார்ந்திருப்பவன் மேல் குண்டு போடுவதற்கு?

சட்டப்பித்தன்

சபாஷ், சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அந்த ஓட்டையை அடைத்தது ஜெனீவா உடன்படிக்கைகளோடு 1977-ல் சேர்ந்த முதல் கூடுதல் நெறிமுறை. 51-ஆம் பிரிவு பொதுமக்களுக்கு; அடுத்தடுத்த பிரிவுகள் பொதுமக்கள் சொத்து, பண்பாட்டுச் சின்னங்கள், உணவு, குடிநீர், இயற்கைச் சூழல், அணைகள், அணு மின் நிலையங்கள் எல்லாவற்றுக்கும்.

ஆனால் அமெரிக்கா, இந்தியா, இஸ்ரேல் மூன்றும் அதில் உறுப்பினர் இல்லை. பிரிட்டன் 1998-ல் சேர்ந்தபோதே ஒரு வாலை ஒட்டிக்கொண்டது: எதிரி எங்கள் பொதுமக்களை வேண்டுமென்றே, கடுமையாகத் தாக்கினால், எச்சரித்தும் நிறுத்தாவிட்டால், அதே அளவில் பதில் செய்யும் உரிமை எங்களுக்கு உண்டு என்று.

ஆக, ஒப்பந்தத்துக்கு வெளியேயும் வழக்காற்றுச் சட்டமாக இந்தத் தடை எல்லோரையும் கட்டுமா? முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான பன்னாட்டுத் தீர்ப்பாயம் 2000 ஜனவரியில் குப்ரெஷ்கிச் வழக்கில் "கட்டும்" என்றது. மனிதகுலத்தின் மனச்சாட்சி அதைக் கோருகிறது என்பது அதன் வாதம். என் அபிப்பிராயம், முடிவு நல்லது, வழி பலவீனம். நாடுகள் என்ன செய்கின்றன என்று பார்த்துத்தான் வழக்காற்றைச் சொல்ல வேண்டும். நாடுகள் என்ன செய்திருக்க வேண்டும் என்று பார்த்து அல்ல. செஞ்சிலுவைக் குழுவின் 2005 ஆய்வுகூட அவ்வளவு தூரம் போகவில்லை.

குரோஷியாவில் பிரிந்து நின்ற செர்பியர்களின் தலைவர் மார்ட்டிச் மீதான வழக்கில் 2007-ல் தீர்ப்பாயம் சாமர்த்தியமாக நடந்துகொண்டது. 1995 மே 2, 3 தேதிகளில் ஜாக்ரெப் நகரத்தின் மேல் கொத்துக்குண்டு ராக்கெட்டுகள் விழுந்து ஏழு பேர் செத்தார்கள், இருநூறுக்கு மேல் காயம். குரோஷியப் படையெடுப்புக்குப் பதிலடி என்றது எதிர்த்தரப்பு. பதிலடி உரிமை உண்டா இல்லையா என்ற சண்டைக்கே போகாமல், உண்டு என்றே வைத்துக்கொள்வோம், நிபந்தனைகள் நிறைவேறினவா என்று பார்த்தது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது, ஆகவே கடைசி வழி அல்ல. முறையான எச்சரிக்கை இல்லை. முடிந்தது. 35 ஆண்டு.

மாணவனாக ஒரு மாதிரி நீதிமன்றப் போட்டியில் நான் பதிலடி செய்த நாட்டுக்காக வாதாடினேன். நாற்பது பக்கம் தயாரித்துக்கொண்டு போனேன். நடுவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "எச்சரித்தீர்களா, எந்தத் தேதியில்?" வழக்குக் கோப்பில் தேதி இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

வழிப்போக்கன்77

எல்லாம் போன பிறகு மிச்சம் என்னதான் இருக்கிறது?

சட்டப்பித்தன்

எதிரிப் படைவீரர்கள் மேல், களத்திலேயே, தடை செய்யப்பட்ட ஆயுதத்தையோ முறையையோ பயன்படுத்துவது. அதுவும் தேய்ந்துகொண்டே வருகிறது. 1925 நச்சுவாயு நெறிமுறையில் பல நாடுகள் "நீ முதலில் போட்டால் நானும் போடுவேன்" என்று ஒதுக்கீடு வைத்திருந்தன. 1993 ரசாயன ஆயுத ஒப்பந்தம் எந்தச் சூழ்நிலையிலும் கூடாது என்று அதை முடித்துவிட்டது.

பழைய பட்டாளம்

உள்நாட்டுப் போரில் அரசுக்கும் ஆயுதக் குழுவுக்கும் நடுவே இந்த உரிமை உண்டா?

சட்டப்பித்தன்

செஞ்சிலுவைக் குழு ஆய்வின்படி இல்லை. 148-ஆம் விதி.

எதிர்க்கேள்வி

சரி, ஒப்புக்கொள்கிறேன், நிபந்தனைகளை எல்லாம் கடந்து வருகிற பதிலடி நூற்றுக்கு ஒன்றுதான். ஆனால் எதிரி உங்கள் ஊரை அடிக்கிறான், வழக்குப் போட நீதிமன்றம் இல்லை, பாதுகாப்புச் சபையில் வீட்டோ விழுகிறது. அந்த நாட்டுத் தலைவனிடம் போய் நீங்கள் என்ன சொல்வீர்கள்? பிரிட்டன் ஒட்டிய வால் எனக்குப் புரிகிறது. அதைப் பாசாங்கு என்று தள்ள முடியவில்லை.

கயல்

ஈரான்–ஈராக் போரைக் காட்டுவேன். இரு நாடுகளும் ஒன்றின் நகரங்களை ஒன்று அடித்து, ஒவ்வொரு முறையும் "இது பதில்" என்று அறிவித்தன. 1984 ஜூனில் ஐ.நா. முயற்சியால் நகரங்களை அடிக்காமல் இருக்க ஒப்புக்கொண்டார்கள். 1985 மார்ச்சில் உடைந்தது. 1988-ல் தெஹ்ரான் மேலும் பாக்தாத் மேலும் ஏவுகணைகள் பறந்தன. பதிலடி நிறுத்துவதற்கான கருவி என்றால், நான்கு ஆண்டு இரண்டு பக்கமும் பயன்படுத்தியும் அது எதை நிறுத்தியது? கொஞ்ச நாளாவது நிறுத்தியது பேச்சுவார்த்தை.

எதிர்க்கேள்வி

பேச்சுவார்த்தைக்கு வந்ததே அடி தாங்காமல்தான் என்று நான் சொல்லலாம்.

கயல்

சொல்லலாம். நிரூபிக்க முடியாது. என்னாலும்தான்.

வழிப்போக்கன்77

இரண்டு பேருக்கும் நன்றி. சொல் பற்றி ஒரு யோசனை. "பதிலடி" என்ற சொல்லே குழப்புகிறது, சட்டப்படி சுடுவதையும் அதுவே குறிக்கிறது. "பழிவாங்கல்" என்றால் நோக்கமே மாறிவிடுகிறது. "எதிர்மீறல்" என்று சொன்னால் என்ன? மீறலுக்கு எதிராகச் செய்கிற மீறல்.

சட்டப்பித்தன்

எடுத்துக்கொண்டேன். செய்கிறவர்கள் மட்டும் அந்தச் சொல்லை ஏற்கமாட்டார்கள், "மீறல்" உள்ளே உட்கார்ந்திருக்கிறதே.

பழைய பட்டாளம்

கயல் அம்மா, ஒன்று கேட்க விட்டுப்போச்சு. அந்த ஹடியைத் தூக்கில் போட்ட லிப்பின்காட் என்ன ஆனான்?

கயல்

பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் விசாரித்தது ஐயா. மேலிட உத்தரவு என்று நம்பித்தான் செய்தார் என்று விடுவித்துவிட்டார்கள். போருக்குப் பிறகு கனடாவில் குடியேறினார், அரசு நிலம் கொடுத்தது. 1826-ல், வயதாகி இறந்தார்.